ஐந்து மணி மெட்டு

என் கணவர் பெயர் ஹமாமுரா; நகரப் பேருந்து ஓட்டுகிறார். வீட்டில் அவர் இசை கேட்பது காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான். எங்கள் குடியிருப்பின் சுவர்கள் அப்படி. பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கே கேட்கும். நூறு பேர் சேர்ந்து வாசிப்பதை ஒளிந்துகொண்டு ஒற்றை ஆளாய்க் கேட்பது அவருக்குப் பெரிய குறை. அதனால்தான் சமூகக்கூடத்தின் மாடி அறையை மாதம் ஒரு சனிக்கிழமைக்குக் கேட்டு வாங்கினார். அங்கே சத்தமாகப் போடலாம். இசை பற்றி ஒன்றும் தெரியாத ஊர்க்காரர்களும் வந்து கேட்கலாம்.

டிசம்பர் கூட்டம் சரியாக நடக்கவில்லை. இசையமைத்தவர் பிறந்ததிலிருந்து அடக்கமானது வரை சொல்லிவிட்டுத்தான் இசைத்தட்டைச் சுழலவிட்டார். பாதிப் பேர் தூங்கினார்கள். மீதிப் பேர் தேநீர் இடைவேளைக்குக் கீழே போய்த் திரும்பவில்லை. கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் தொகுதா அம்மாள் மறுநாளே சொல்லிவிட்டார்.

"ஜனவரியிலயும் பாதியில எழுந்து போனாங்கன்னா, அறையை உகுலேலே கிட்டார் கத்துக்கிறவங்களுக்குக் குடுத்துடுவேன், ஹமாமுரா சான். அங்க யாரும் தூங்கறதில்ல."

வீட்டுக்கு வந்து என் கணவர் ஹெட்போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அலமாரியில் வைத்தார்.

"இந்தத் தடவை பேச்சைக் குறைங்க. பஸ்ல அடுத்த நிறுத்தம் சொல்றீங்கல்ல, அந்த மாதிரி பேரை மட்டும் சொன்னாப் போதும்," என்றேன்.

"தட்டு ஓடும்போது மூச்சு விடமாட்டேன், சுமியே."

சொன்னபடியே மாடி அறையின் கரும்பலகையில் எழுதினார்: இசை ஒலிக்கும்போது யாரும் பேசக் கூடாது. அதன் கீழே: நடத்துபவரும்.

என்னென்ன போடுவது என்பதையும் முன்பே முடிவு செய்திருந்தார். முதலில் ஒரு பழைய வாள்வீரர் படத்தின் இசை. பிறகு ஒரு காதல் படத்தினுடையது. கடைசியாக, அவர் உயிராக நினைக்கும் சிம்பொனி ஒன்றின் மெதுவான பகுதி. "அந்த மெட்டு தெரியாதவங்க நம்ம ஊர்ல கிடையாது. தெரிஞ்சதுன்னா ஒட்டிக்கிட்டு உக்காருவாங்க," என்றார். உண்மைதான். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப, தினமும் மாலை ஐந்து மணிக்கு நகராட்சிக் கம்பங்களின் ஒலிபெருக்கியில் வருவது அந்த மெட்டுதான். எனக்கும் நல்ல யோசனையாகவே பட்டது.

ஜனவரிக் கூட்டத்தில், வாள்வீரர் இசைக்கு மீன்கடை அராகாவா தொடையில் தாளம் போட்டார். தட்டு நின்றதும், "இந்தப் படத்தை மூணு தடவை பாத்தேன். அந்த நாயகிக்காகவே!" என்றார்.

"என்கிட்ட குதிரைக்காகன்னு சொன்னீங்க?" என்றாள் அவர் மனைவி. அறையே சிரித்தது. வாசலருகே நின்றிருந்த தொகுதா அம்மாள்கூடச் சிரித்தார்.

காதல் படத்தின் இசையும் முடிந்தது. பிறகு சிம்பொனி. திரைச்சீலைகள் இழுத்துவிட்டிருந்தன; அடுப்புச் சூடு இதமாக இருந்தது. வாத்தியங்கள் தாழ்ந்து அடங்கின. ஒற்றைக் குழல் அந்த மெட்டை எடுத்தது.

அராகாவா எழுந்தார். அவசரமில்லை, யோசனையுமில்லை; அந்த மெட்டு கேட்டால் கிளம்பிச் சின்ன வயதிலிருந்தே பழகிய உடம்பு. நாற்காலியை மடித்துச் சுவரில் சாய்த்தார். அவர் மனைவியும் மடித்தாள். அடுத்து முன்வரிசை முழுக்க. அவரவர் நாற்காலியை அவரவர் மடித்துவைப்பது பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பழக்கம். டக், டக் என்று சத்தம் மட்டும் கேட்டது.

என் கணவர் வாயைத் திறந்தார். கரும்பலகையைப் பார்த்தார். மூடிக்கொண்டார். உட்காருங்கள் என்று இரண்டு கையையும் கீழே அசைத்தார். விடைகொடுக்கிறார் என்று நினைத்து அராகாவாவின் மனைவி குனிந்து வணங்கினாள். தொகுதா அம்மாள் என்னைப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தேன், என் தோளிலும் பை ஏறியிருந்தது.

வாசலில் எல்லாரும் கூடத்துச் செருப்பைக் கழற்றித் தங்கள் பூட்ஸுக்கு மாற ஆரம்பித்தார்கள். அராகாவா ஒரு காலை ரப்பர் பூட்ஸுக்குள் விட்டிருந்தார். கம்பத்து ஒலிபெருக்கியில் மெட்டு வழக்கமாக நின்றுபோகும் இடம் வந்தது. இசை நிற்கவில்லை. தந்தி வாத்தியங்கள் மெட்டை வாங்கிக்கொண்டு, நாங்கள் யாரும் போயிராத ஒரு பக்கமாகத் திரும்பின.

"என்னய்யா இது, இன்னும் போகுது?" என்றார் அராகாவா.

என் கணவர் உதட்டில் விரலை வைத்தார்.

யாரும் திரும்பி வந்து உட்காரவில்லை. உட்கார நாற்காலியும் இல்லை. யாரும் போகவுமில்லை. கோட்டு மாட்டியபடி, ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் செருப்புமாக அப்படியே நின்றார்கள். நடுவில் எல்லா வாத்தியங்களும் சேர்ந்து எழுந்தபோது கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. கடைசியில் மெட்டு திரும்பி வந்து, பாதியில் விட்டுவிட்டு, மறுபடி தொடர்ந்து, மெல்ல முடிந்தது.

என் கணவர் தொகுதா அம்மாளைப் பார்த்தார். கேட்கப் பயந்து நின்றார்.

"எழுந்து போனாங்கன்னாத்தான் அறை இல்லன்னு சொன்னேன்," என்றார் தொகுதா அம்மாள். "எழுந்தாங்க. போகலையே. பிப்ரவரியிலயும் நடத்துங்க."

கீழே தெருவுக்கு வந்தபோது கம்பத்து ஒலிபெருக்கி பாடத் தொடங்கியது. ஐந்து மணி. அராகாவா நின்றுவிட்டார். மெட்டு வழக்கமான இடத்தில் முடிந்தது. கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தார்.

"பாதியிலயே நிறுத்திட்டானுங்க பாரு!" என்று நகராட்சியைத் திட்டிக்கொண்டே, சாயங்கால வியாபாரத்துக்குக் கடையைத் திறக்கப் போனார்.