தாழ்ப்பாள் போடாத வீடு

நர்ஸம்மா அப்பாவை ஒரு பக்கமாகத் திருப்பி முதுகில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். மகள் தோளைத் தாங்கிப் பிடித்திருந்தாள். சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வேலை மும்முரத்தில் நர்ஸம்மா வாய்க்குள் பாடினாள்.

கப்பலேறிப் போறேன் கண்ணே
காக்கிச் சட்டை போட்டுக்கிட்டு
யாரு வீட்டுச் சண்டையின்னு
யாரும் எனக்குச் சொல்லலையே
வாசக் கதவைச் சாத்தாதே
வந்திடுவேன் விடியும் முன்னே

மகள் நிமிர்ந்து பார்த்தாள். இந்தப் பாட்டு இந்த வீட்டுச் சொத்து என்றல்லவா நினைத்திருந்தாள். வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்த தாத்தா கடைசி லீவில் வந்து பாடிவிட்டுப் போனது. அப்பா அப்போது பாட்டி வயிற்றில். தாத்தா திரும்பவில்லை, செத்தார் என்று ஒரு கடுதாசியும் வரவில்லை. அன்றிலிருந்து வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதில்லை. இத்தனைக்கும் அப்பாவுக்குத் தொழில் பூட்டு ரிப்பேர். ஊரான் வீட்டைப் பூட்டிவிட்டுத் தன் வீட்டைத் திறந்து போட்டிருக்கிற மனுஷன் என்று தெருவே கேலி பேசும். அவர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

"இது உங்களுக்கு எப்படிம்மா தெரியும்? வெள்ளைக்காரன் சண்டைக்குப் போறப்ப எங்க தாத்தா பாடினதாச்சே."

"எங்க கொள்ளுத்தாத்தா பாடுவாராம். அவரும் அந்தச் சண்டைக்குத்தான் போனாரு. ஒரு காலோட வந்து சேர்ந்தாரு. கூடாரத்துல எல்லா ஊர்க்காரங்களும் பாடுவாங்களாம். மிச்சம் தெரியாதா உங்களுக்கு?"

தெரியாது. போனவர் வீட்டில் பாதிப் பாட்டுதான் இருந்தது. நர்ஸம்மா அடுத்த வரிகளை எடுத்தாள். குழி என்று வந்ததுமே மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா. அப்பா காதுல விழுந்துடும்."

இரண்டு நாளாக வாய் திறக்காதவர் கண்ணைத் திறந்தார்.

"பாடட்டும்."

"நீங்க தூங்குங்கப்பா."

"எத்தனை வருஷமா பாதியையே கேட்டுக்கிட்டிருக்கேன். முழுசாக் கேட்டுடறேனே."

மகள் கையை விட்டாள். நர்ஸம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பாடினாள்.

வெள்ளைக்காரன் சண்டையிலே
வெட்டின குழி நூறு கண்ணே
எந்தக் குழி என்னுதுன்னு
எழுதி வைக்க ஆளுமில்லை
வாசக் கதவைச் சாத்திக்கோ
வாடைக் காத்து அடிக்குது

அப்பா வெகுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணோரத்தில் வழிந்ததை மகள் முந்தானையால் ஒற்றினாள்.

"கதவைச் சாத்தும்மா."

அவள் போய்ச் சாத்திவிட்டு வருவதற்குள் அவர் மூச்சு நின்றிருந்தது.

மறுநாள் சாயங்காலம், எல்லாம் முடிந்து சொந்தக்காரர்களும் கிளம்பிப் போனபின், அவள் தாழ்ப்பாளைப் போடப் போனாள். நகரவில்லை. வருஷா வருஷம் கதவோடு சேர்த்து அடித்த பெயிண்டில் அப்படியே ஒட்டிக் கிடந்தது. அப்பாவின் பெட்டியிலிருந்து உளியை எடுத்துச் சுரண்டி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டாள். பூட்டுக்காரர் மகளுக்கு இதுகூடவா தெரியாது? கொஞ்ச நேரத்தில் தாழ்ப்பாள் சொன்னபடி கேட்டது.

ஒருமுறை போட்டுப் பார்த்தாள். அப்பாவைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. மறுபடி எடுத்துவிட்டு, கதவை ஒருக்களித்து வைத்தாள். பிறகு விளக்கைப் போட உள்ளே போனாள்.