பெயர் போட்ட வாக்குகள்

எனிட் தர்லோவுக்குத் தேர்தல் முகவராக இருக்க எனக்கிருந்த ஒரே தகுதி, எனக்கு வேறு வேலை இல்லை என்பதுதான். வாழ்நாளெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, எனக்கென்று வைத்திருக்கும் பிரேக்கில் காலை வைத்தபடி, அடுத்தவர் தப்பு செய்யக் காத்திருப்பது என் பிழைப்பு. அரசியலுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்றார் எனிட். நானும் நம்பிவிட்டேன்.

எங்கள் ஃபெர்ன்லி வார்டில் எனிட் பதினாறு வருடமாகக் கவுன்சிலர். கட்சி கிடையாது, சுயேச்சை. இந்த முறை அவர் ஜெயித்தே ஆக வேண்டியிருந்தது. வார்டின் பொதுக்கூடத்தை விற்று அங்கே அடுக்குமாடி கட்டலாம் என்று நகரமன்றத்தில் தீர்மானம் வரவிருந்தது. தனியாக வாழும் வயசாளிகள் செவ்வாய்க்கிழமைதோறும் வந்து சூடாகச் சாப்பிட்டு, ஒருவர் மூட்டுவலியை மற்றவர் மூட்டுவலியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போகும் இடம் அது. எனிட்டை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மன்றத்தில் ஆதரவும் எதிர்ப்பும் சரிபாதி. அவர் இருந்தால் கூடம் தப்பும். எதிர்த்து நிற்கும் ரூபர்ட் ஹாலிவெல் வந்தால் போய்விடும்.

ரூபர்ட் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஒரு வீட்டுக் கதவின் தபால் துவாரத்தில் நான் நோட்டீஸைத் திணிக்க, உள்ளே இருந்த நாய் நோட்டீஸை விட்டுவிட்டு என் விரலைப் பிடித்துக்கொண்டது. எதிர்ச்சாரியில் வாக்குக் கேட்டுக்கொண்டிருந்த ரூபர்ட்தான் ஓடி வந்து, தன் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டுப் போட்டான். கைக்குட்டை அவன் கட்சி நிறத்தில் இருந்தது. அன்று மாலை முழுவதும் அந்த விரலை நீட்டிக்கொண்டே எனிட்டுக்கு வாக்குக் கேட்டேன்.

எனிட்டிடம் ஒரு வழக்கம் உண்டு. அவர் பதவிக்கு வந்த புதிதில் வார்டு முழுக்க மொட்டைக் கடிதமாகப் பறந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு வேலி உயரம், எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டி, யார் கார் யார் வாசலில் நிற்கிறது என்று ஓயாத புகார். நேரில் பார்த்தால் வானிலையைத் தவிர வேறெதுவும் பேசாத ஜனம், கடிதத்தில் மட்டும் சீறியது. எனிட் வார்டுக்குத் தான் அனுப்பும் செய்திமடலில் பெரிய எழுத்தில் போட்டார்: பெயர் போடாத காகிதத்துக்குப் பதில் கிடையாது. பெயர் போட்டால் நான் உங்கள் வாசலில் நிற்பேன். அப்படியே நின்றார். கொஞ்ச நாளில் ஃபெர்ன்லிக்காரர்கள் எனிட்டுக்குப் போகும் எல்லாக் காகிதத்திலும் பெயரும் முகவரியும் எழுதப் பழகிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில்கூட அஞ்சல் குறியீடு இருக்கும்.

வாக்குப்பதிவும் அதே பொதுக்கூடத்தில்தான். மே மாதத் தூறலில் நானும் எனிட்டும் வாசலில் நின்றோம். எண்பத்து மூன்று வயது சிரில் கிரிம்ஷா, டை கட்டி, ஷூவுக்குப் பாலீஷ் போட்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வந்து வாக்களித்துவிட்டு வெளியே வந்தார்.

"போட்டாச்சு கவுன்சிலரம்மா. உங்களுக்குத்தான்."

"அய்யோ, மெதுவாச் சொல்லுங்க மிஸ்டர் கிரிம்ஷா. இது ரகசிய வாக்கு."

"என்ன ரகசியம்? நான் என்ன திருட்டு வேலையா பண்ணேன்?" என்றவர் என்னைப் பார்த்தார். "இந்தாளு யாரு? வீட்டுக்காரரா?"

"முகவர்," என்றேன்.

"பாவம்," என்றார். எங்களில் யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

மறுநாள் காலை, விளையாட்டு அரங்கில் பூப்பந்து மைதானக் கோடுகளின்மேல் மேசை போட்டு எண்ணினார்கள். இருவரின் வாக்குச்சீட்டுக் கட்டுகளும் ஒரே உயரத்தில் வளர்ந்துகொண்டிருந்தன. கடைசியில் தேர்தல் அதிகாரி வேக்லி அம்மையார், சந்தேகத்துக்குரிய சீட்டுகளோடு இரு தரப்பையும் ஒரு மேசைக்கு அழைத்தார். எது செல்லும், எது செல்லாது என்று எங்கள் கண்ணெதிரில் முடிவு செய்ய வேண்டும்.

முதல் சீட்டில் ரூபர்ட் பெயருக்கு நேரே பெருக்கல் குறி. பக்கத்தில், 'வேற வழியில்ல, இந்த மூஞ்சியாவது புதுசா இருக்கு' என்று எழுதியிருந்தது.

"எண்ணம் தெளிவா இருக்கு. செல்லும்," என்றார் வேக்லி.

ரூபர்ட் முகம் சிவந்தது. "ரொம்ப நன்றின்னு சொல்லணுமா?"

அடுத்த சீட்டில் எனிட் பெயருக்கு நேரே நேர்த்தியான பெருக்கல் குறி. கீழே பேனாவால்: 'அன்புடன், டோரத்தி பிளெங்கின்சாப், 6, எல்ம் வளைவு.'

"வாக்காளர் யாருன்னு தெரியுது. செல்லாது."

அடுத்ததிலும் கையெழுத்து. அதற்கடுத்ததிலும். மொத்தம் ஏழு. எல்லாம் எனிட்டுக்கு. ஏழாவதை என்னால் மறக்க முடியாது. 'சி. கிரிம்ஷா, 14, பீச் சந்து. பி.கு: வடிகால் இன்னும் அடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.'

எனக்குச் சிரிப்பு வந்தது. எனிட் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவர் ஏழு சீட்டுகளையும் தொடாமல், குனிந்து, கடிதம் படிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒரு நிமிஷம்," என்றேன் வேக்லியிடம். "அந்த முதல் சீட்டுல யாரோ திட்டி எழுதுனது செல்லும். இவங்க மரியாதையா எழுதுனது செல்லாதா?"

"திட்டுனவர் பேர் போடலையே சார்."

ரூபர்ட் தொண்டையைக் கனைத்தான். "எனக்கு ஆட்சேபணை இல்ல. சேத்துக்கலாம்."

"சேத்துக்கறதும் விடறதும் உங்க கையில இல்ல மிஸ்டர் ஹாலிவெல். சட்டம்."

"தம்பி, நீ பேசாம இரு," என்று ரூபர்ட்டிடம் சொல்லிவிட்டு எனிட் என் பக்கம் திரும்பினார். "லென், நீயும்தான். அவங்க சொல்றது சரி. யாரும் யாரையும் மிரட்டி ஓட்டு வாங்கக் கூடாதுன்னுதான் இந்தச் சட்டம். நல்ல சட்டம்."

நல்ல சட்டம் எங்களை நான்கு வாக்கில் தோற்கடித்தது. மறு எண்ணிக்கை கேட்டேன். மறுபடியும் அதே நான்கு. எனிட் ரூபர்ட்டின் கையைப் பிடித்துக் குலுக்கி, பேச வேண்டிய இரண்டு வார்த்தையைப் பேசிவிட்டு மேடையிலிருந்து இறங்கினார். காரில் ஏறினோம். கதவைச் சாத்தியதும் சொன்னார்.

"நான்தானே லென் சொல்லிக் கொடுத்தேன்."

"ஓட்டுச் சீட்டுலயும் போடச் சொன்னீங்களா?"

"போடாதீங்கன்னு சொல்லல."

என் காலுக்கடியில் பிரேக் எதுவும் இல்லை. அன்று அவர்தான் ஓட்டினார்.

எண்ணும் இடத்தில் யார் யாருக்குப் போட்டார்கள் என்று தெரியவந்தால் வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது இன்னொரு சட்டம். அதுவும் நல்ல சட்டம்தான். ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாற எனிட் வழக்கம்போல் வந்து நின்றபோது, அந்த ஏழு பேரில் ஐந்து பேர் வரிசையில் நின்றார்கள். தட்டை நீட்டிக்கொண்டே ஒவ்வொருவராக வருத்தம் சொன்னார்கள். என் கையில் கஸ்டர்ட் கரண்டி. கண்ணை அதை விட்டு எடுக்கவில்லை.

"அந்தச் சின்னப் பயலுக்குப் போயி எவன் போட்டானோ," என்றார் டோரத்தி. "எனக்குப் புரியவே இல்ல."

கிரிம்ஷா வந்தார். அன்றும் டை கட்டியிருந்தார்.

"கவுன்சிலரம்மா, என் சீட்டைப் பாத்தீங்களா? பேர் போட்டிருந்தேன். மத்தவங்க மாதிரி ஒளிஞ்சு போட எனக்குப் பிடிக்காது. நீங்க பாக்கணும்னுதான் போட்டேன்."

எனிட் கரண்டியைக் கீழே வைத்தார். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். கிரிம்ஷாவே வாயைத் திறந்துவிட்டார், இனிச் சட்டம் குறுக்கே நிற்காது. ஒரே ஒரு வாக்கியம். அடுத்த தேர்தலில் அவர் மறுபடி இதைச் செய்ய மாட்டார்.

"பாத்தேன் மிஸ்டர் கிரிம்ஷா," என்றார் எனிட். "எழுத்து அழகா இருந்துச்சு."

"எங்க வீட்டுக்காரி போனப்புறம் கையெழுத்துப் போடவே எங்கயும் வேலையில்ல. அதான் கொஞ்சம் நிதானமாப் போட்டேன்." அவர் என் பக்கம் திரும்பினார். "என்ன முகவர், கஸ்டர்ட் இவ்வளவுதானா? தேர்தலோட தாராளம் முடிஞ்சு போச்சா?"

இரண்டு கரண்டி அதிகமாக ஊற்றினேன். என்னால் முடிந்த இழப்பீடு அதுதான்.

சமையலறையில் தட்டுக் கழுவும்போது கேட்டேன், "ஏன் சொல்லல?"

"சொல்லி?"

"தெரிஞ்சுக்குவாரு."

"தெரிஞ்சுக்கிட்டு, பாக்கியிருக்கற நாளெல்லாம் ராத்திரி அதையே நெனச்சுக்கிட்டுப் படுத்திருப்பாரு. அந்த வேலைக்கு நான் ஒருத்தி போதும்."

ஜூன் மாதம் தீர்மானம் வந்தது. மன்றத்தில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தோம். கிரிம்ஷாவும் வருவேன் என்று அடம்பிடித்ததால் கூட்டி வந்திருந்தோம். எதிரே, பதினாறு வருடம் எனிட் உட்கார்ந்த நாற்காலியில் ரூபர்ட். எங்கள் பக்கம் பார்க்காமல் தண்ணீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எதிர்ப்போர்?" என்று மேயர் கேட்டதும் என் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. எனிட்டுக்கே தெரியாமல் உயர்ந்த கை. மேயர் பார்த்தார். மன்றம் முழுவதும் பார்த்தது. எங்கள் ஊரில் சங்கடம் வந்தால் எல்லாரும் கூரையைப் பார்ப்பார்கள். பார்த்தார்கள்.

"தோள்பட்டை பிடிச்சிருக்கு," என்று முணுமுணுத்து எனிட் கையை இறக்கிக்கொண்டார்.

ஆதரிப்போர் கேட்டபோது ரூபர்ட்டின் கை மிக மெதுவாக, பாதி உயரம் வரை எழுந்தது. பாதியும் முழுசாகத்தான் எண்ணப்பட்டது. ஒரே ஒரு வாக்கில் கூடம் விற்பனைக்குப் போனது.

கிரிம்ஷா பொறுக்க முடியாமல் உரக்கவே பேசினார். "ஒத்த ஓட்டு! கவுன்சிலரம்மா அங்க உட்கார்ந்திருந்தா இது நடந்திருக்குமா? எவனோ ஒரு சோம்பேறி அன்னிக்கு மழைன்னு வீட்லயே படுத்துக் கிடந்திருக்கான். அவனை மட்டும் என் கையில பிடிச்சுக் குடுங்க."

எனிட் அவர் மேல்கோட்டின் கழுத்துப் பட்டையை நேராக இழுத்துவிட்டார்.

"அப்படித்தான் இருக்கும் மிஸ்டர் கிரிம்ஷா," என்றார். "வாங்க, பஸ் போயிடும்."