தலையாட்டும் மேஜை

பெரிய அதிகாரியின் முகம் அவருடைய மேஜையில் ஒட்டிக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு. தப்பு பாலிஷ்காரருடையதுதான், அதை அவர் மறைக்கவில்லை. மூன்று நாள் உப்புத்தாள் போட்டு மரத்தை வழவழப்பாக்கி, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பஞ்சுப் பொட்டலத்தில் தொட்டுத் தொட்டு ஒன்பது பூச்சு ஏற்றியவர், கடைசிப் பூச்சு காயும்வரை அங்கேயே காவல் நின்றிருக்க வேண்டும். ஆனால் அதே அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் அவர் மனைவி டீ குடிக்கக் கூப்பிட்டுவிட்டாள். எட்டு வருஷமாக அவள் இந்த ஊரில், அவர் வேறு ஊரில். இந்த மேஜை வேலைக்கு அவர் வந்ததே அவளை நாலு நாள் கண்ணால் பார்க்கத்தான். பாவம், எப்படிப் போகாமலிருப்பார்?

அந்த நேரம் பார்த்து அதிகாரி உள்ளே வந்து, ஈரப் பளபளப்பில் குனிந்து தன் அழகைப் பார்த்து, பலே என்று தலையாட்டினார். அதில் தெரிந்த முகம் அப்படியே படிந்து காய்ந்துபோயிற்று. மனுஷர் தன் உத்தியோகக் காலத்தில் சரி என்று தலையாட்டியது அந்த ஒரு தடவைதான், அதுவும் தனக்குத்தானே. மேஜைக்குள் அகப்பட்ட முகமோ அதன் பிறகு ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருந்தது.

அந்த அலுவலகத்தில் அதிகாரி கையெழுத்துப் போடும் வழக்கமில்லை, அது கௌரவக் குறைச்சலாம். கோப்பைப் பார்த்து அவர் தலையசைத்தால் தலைமை எழுத்தர் முத்திரை குத்துவார். தலை கழுத்தின்மேல்தான் இருக்கவேண்டும் என்று விதிப்புத்தகத்தில் எங்கும் இல்லை. எனவே தலைமை எழுத்தர் கோப்புகளை வரிசையாக மேஜைமேல் காட்டினார், குத்தினார். பதினாறு வருஷம் தூங்கிய குடிநீர்க் குழாய் ஒரே வாரத்தில் தெருவுக்கு வந்தது. கேட்ட லீவு கிடைத்தவர்கள் அதை என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தார்கள்.

அதிகாரிக்கு வயிறு எரிந்தது. போதாக்குறைக்கு எந்தக் கண்ணாடியிலும் அவர் முகம் தெரியவில்லை. சவரம் செய்யவும் மேஜைக்குத்தான் வரவேண்டியிருந்தது. பாலிஷ்காரரை வரவழைத்து, முகத்தைத் தேய்த்து எடுக்கச் சொன்னார். பாலிஷ்காரரின் மனைவி போட்டு எட்டு முறை திருப்பி அனுப்பப்பட்ட மாற்றல் விண்ணப்பம் அன்றைக்குத்தான் வரிசையில் முதலாவதாக இருந்தது. பாலிஷ்காரர் தயங்கினார்.

"தேய்க்கலேன்னா உங்க சம்சாரத்த இன்னும் நானூறு மைல் தள்ளிப் போடுவேன்."

பாலிஷ்காரர் மேஜை முகத்தின் மீசைமேல் உப்புத்தாளை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். எதிரே நின்ற அதிகாரியின் மூக்குக்குக் கீழே பாதி மீசையைக் காணோம். பாலிஷ்காரர் தாளின் மறுபாதியை நிதானமாக மடித்தார்.

"அடுத்து மூக்கு சார். தேய்க்கட்டுமா?"

"வேணாம்ப்பா. இருந்துட்டுப் போகட்டும்."

தலைமை எழுத்தர் விண்ணப்பத்தை மேஜைமேல் நீட்டினார். தலை ஆடியது, முத்திரை விழுந்தது. அந்த ஆண்டுப் பதவி உயர்வு மேஜைக்கே கிடைத்தது; நாலு பேர் சேர்ந்து அதை மேல்மாடிக்குத் தூக்கிப் போனார்கள். அதிகாரி பாதி மீசையோடு வீட்டில் இருந்தபடி சம்பளம் வாங்கினார், வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை.

மனைவி திங்கட்கிழமை வீடு வந்து சேர்ந்தாள். பெட்டியிலிருந்த துணியையெல்லாம் அலமாரியில் அடுக்கிவிட்டு, வெறும் பெட்டியை அவரிடம் கொடுத்து, பரண்மேல் உள்ளே தள்ளிப் போடச் சொன்னாள்.