இருட்டில் உட்காருங்கள், ஐயா

"சுருட்ட அணைச்சிட்டு அரை மணி நேரம் இந்த இருட்டுல உக்காருங்க ஐயா. அப்புறமா சொல்லுங்க, ஒண்ணுமில்லைன்னு."

எதைக் கேட்டாலும் இதைக் கேட்கலாகாது என்று பன்முறை விலக்கப்பட்ட அவ்வேண்டுகோள் அணு ஆய்வுக்கூடத்தின் கீழறையில் ஒலித்த வேளை, கதிரவன் கூரைகளின் பின்னே செம்பொற்குழம்பாய் உருகி வழிந்துகொண்டிருந்தான். ஆலைப் புகைபோக்கிகள் வானத்தில் கரிக்கோடு இழுக்க, ஈருருளிகளின் மணியொலி தெருவெங்கும் சிதற, பணி முடித்து வீடு திரும்புவோரின் காலடிகள் கல்தளத்தில் மழையெனப் பொழிந்தன. கல்தூண்கள் தாங்கிய அப்பெருங்கட்டடத்தின் மேல்தளத்து அவைக்கூடத்தில், தொலைவூர்களினின்றும் போந்த அறிஞர்கள், ஆய்வுக்கூடத் தலைவரின் உரை கேட்க நாற்காலிகளை இழுத்துப்போட்டு அமர்ந்துகொண்டிருந்தனர். அத்துணை ஒளிக்கும் ஆரவாரத்துக்கும் அடியில், சாளரமற்ற அறையில், கருந்துணி போர்த்த சுவர்களிடையே, ஆந்தை என்று பட்டப்பெயர் பெற்ற இளநங்கை தன் தலைவர்முன் நிமிர்ந்து நின்றாள்.

கொதிகலனுக்குக் கரி வாரிப்போட்டவரின் மகள் அவள்; அக்குடியில் பட்டம் பெற்ற முதல் உயிர். மெல்லிய பொன் தகட்டின்மேல் கதிர்களைப் பாய்ச்சி, அப்பால் நிறுத்திய திரையில் கணத்தில் தோன்றிக் கணத்தில் மாயும் ஒளிப்பொறிகளை நுண்ணோக்கிவழி எண்ணுவதே அவளுக்கு விதித்த பணி. கதிர்கள் தகட்டை ஊடுருவும் என்பது எல்லோரும் அறிந்ததாதலின், திரையைக் கதிர் புறப்படும் இப்பால் நிறுத்திப் பார்க்க எவர்க்கும் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது. சிலந்தி வலையில் விழுந்த மழைத்துளி மீண்டும் முகிலுக்கே எழுந்தாற்போல, பொறிகள் சில திரும்பி வந்தன.

அதைக் காணத் தலைவர் வந்தபோதெல்லாம் கனலும் சுருட்டோடு வந்தார். இருளில் நெடிது ஊறிய விழிக்கன்றிப் புலப்படாத அப்பொறிகளை, ஒளியிலிருந்து நேரே வந்து, தம் மூக்கின் கீழ் நெருப்பை வைத்துக்கொண்டு, நோக்கக் குனிந்த வேகத்திலேயே நிமிர்ந்து, "ஒண்ணுமில்லம்மா, உன் கண்ணு களைச்சுப் போச்சு" என்றார். இன்று அவர் அவையில் படிக்கவிருந்த கட்டுரையிலும் அவள் கண்டது 'கண்மயக்கம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் புதைக்கப்பட்டிருந்தது.

ஆய்வுக்கூடத்துக் கடைசல் பட்டறையில் பித்தளைக் குழாய் கடையும் அவள் அண்ணன் முன்பே எச்சரித்திருந்தான். "அவர இருட்டுல உக்காருன்னு மட்டும் கேட்டுடாத. போன வருஷம் கேட்டவன் இப்ப பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு சொல்லிக் குடுக்குறான்."

"யாரப் பாத்துப் பேசுற?" என்று இப்போது சீறினார் தலைவர். "அணு மாவுருண்டை மாதிரின்னு ஊருக்கே சொன்னவன் நான்."

"மாவுருண்டை இல்லைங்க. நடுவுல கல்லு மாதிரி கெட்டியா ஏதோ இருக்கு. அதுல பட்டுத்தான் திரும்புது."

"கரி வார்ற வீட்டுல வேற என்ன தெரியும்? கல்லும் கரியும்தான்."

"ஆமாங்க. கரிக்குள்ள கல்லு கிடந்தா எங்கப்பா மண்வெட்டி துள்ளித் திரும்பும். கண்ணு களைச்சுப் போச்சுன்னு அவருகிட்ட யாரும் சொல்லல."

சுருட்டின் கனல் வாயினின்று தரைக்கு இறங்கிற்று. பின்பு அது தரையில் நசுங்கும் ஓசை கேட்டது. காரிருள் இருவரையும் ஒருசேர விழுங்க, அவ்விருளினின்று எழுந்த குரலில் தலைமை இல்லை, முதுமையே இருந்தது.

"உக்காந்தாலும் எனக்குத் தெரியாதும்மா. பார்வை மங்கி நாளாச்சு."

அவள் நெஞ்சில் இரக்கம் ஊறியது உண்மை. ஆயினும், பாறையிடுக்கில் கசியும் நீர் பாறையை நெகிழ்த்தாததுபோல, அவ்விரக்கம் அவள் சினத்தை நெகிழ்த்தவில்லை.

"தெரியலைன்னு சொல்லியிருக்கலாமே. இல்லைன்னு ஏன் ஐயா சொன்னீங்க?"

இருளில் கட்டுரைத் தாள்களை மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார் அவர்.

"மேல போய் அந்த ஒரு சொல்ல மட்டும் மாத்திப் படிங்க. 'எனக்குத் தெரியல'ன்னு. போதும்."

"அத்தன பேருக்கு முன்னாடியா? நடக்காது. வாய மூடிட்டு இரு. அடுத்த மாசம் உன்னத் துணை ஆய்வாளர் ஆக்குறேன்."

கற்றறிந்தோரே, கைக்கெட்டிய பதவியைக் கண்டு அவள் மனம் அலைந்தது என எழுத இயலவில்லை. கருவியைத் தாங்கியிலிருந்து கழற்றும் அவள் விரல்கள், இருளிலும் வழி தவறாது, ஒவ்வொரு திருகாகத் தொட்டுச் சுழற்றின.

"என்ன பண்ற?"

"வேலைதாங்க."

கதவுக்கப்பால், பழுது பார்க்க வந்த அண்ணன் திருப்புளியோடு நின்றிருந்தான்.

"கேட்டுட்டியா?"

"கேட்டுட்டேன்."

"அப்ப வேலை?"

"போயிருக்கும். இந்தக் குழாய ஒரு பக்கம் பிடி."

"எங்க தூக்கிட்டுப் போற?"

"மேல. கூடத்துல இருக்குற விளக்கெல்லாம் அணைக்கச் சொல்லப் போறேன். அரை மணி உக்காரட்டும். அப்புறம் ஒவ்வொருத்தரா குனிஞ்சு பாக்கட்டும்."

"உனக்குக் கொழுப்பு ரொம்ப அதிகம்" என்றவன், திருப்புளியைப் பையில் செருகிக்கொண்டு குழாயின் மறுமுனையைத் தூக்கினான். "சரி, நட. வாய்ப்பாடு எனக்கும் கொஞ்சம் ஞாபகம் இருக்கு."

படிக்கட்டின் உச்சியில் அவைக்கூடம் விளக்கு வெள்ளத்தில் மிதந்தது. ஒளி மிகுந்த இடத்திலேயே உண்மையும் உறையும் என நம்பி ஆங்கு வீற்றிருந்தோர்க்கு, நெடுநேரம் பொறுத்திருந்தாலன்றித் தன்னைக் காட்டாத நுண்ணொளி ஒன்று படியேற வருவது தெரியவில்லை. தெரியாதது இல்லாதது ஆகாது. கண்கள் கூச, கால்கள் கூசாது, அவள் அக்கீழறையை விட்டு வெளியேறினாள். முதுகின் பின்னே தலைவர் அழைத்த குரலுக்கு அவள் திரும்பவில்லை.