பாலத்துக்கு அந்தப் பக்கம்

ஏரிக்கு நடுவில் எங்கோ 'டமால்' என்று ஒரு சத்தம். ஹிஸ்கேயின் காலடியில் ஐஸ் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி அவள் சிலையாக நின்றுவிட்டாள்.

"ஏன்டி நின்னுட்ட? தள்ளு" என்றார் நாற்காலியில் இருந்த அப்பா.

"வெடிக்குதுப்பா!"

"வெடிக்கட்டும். இறுகுற ஐஸ் அப்படித்தான் பேசும். அது எப்ப வாயை மூடுதோ, அப்பப் பயப்படு."

அப்பா வீப்ரனிடம் மிச்சம் இருந்தது அந்தக் குரல்தான். மேலே மூன்று போர்வை, தலையில் கம்பளிக் குல்லா. பின்னாலிருந்து தள்ளும் ஹிஸ்கேவுக்கு அவர் முகம் தெரியவில்லை. குல்லாவுக்கு மேல் வெள்ளையாய்க் கிளம்பிக் கரையும் அவர் மூச்சு மட்டும் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு தள்ளினாள்.

காலையில் வந்த நர்ஸ் அவளைச் சமையலறைக்குள் இழுத்து, "இன்னைக்கு ராத்திரியைத் தாண்டறது கஷ்டம்" என்று கிசுகிசுத்தாள். நோயில் அவருக்கு மற்றதெல்லாம் போயிருந்தது, காதும் போகவில்லை. "அப்ப மத்தியானம் எனக்கு வேலை இல்லைதானே? ஏரி உறைஞ்சிருக்கு. அக்கரை ஹார்ஸ்டெருக்குக் கூட்டிட்டுப் போ" என்று படுக்கையிலிருந்தே கத்தினார்.

அது சமையலறை நாற்காலிதான். சின்ன வயதில் அவள் பிடித்துக்கொண்டு சறுக்கப் பழகுவதற்காக, அதன் கால்களில் இரும்புப் பட்டை அடித்துக் கொடுத்தவர் அவர். இன்று அதில் அவரே உட்கார்ந்திருந்தார்.

நாற்பது வயதில் வீப்ரன் தனக்கென்று ஒன்றே ஒன்றை முடிவு செய்துகொண்டார். ஒரே குளிர்காலத்தில் ஏரியைச் சுற்றியுள்ள ஊர்கள் அத்தனைக்கும் சறுக்கிப் போய், ஊருக்கு ஒரு முத்திரையாக அட்டையை நிரப்பிவிட வேண்டும். பால் லாரி ஓட்டிவிட்டு வந்து, கோடையிலும் கூடத்துத் தரையில் காலுறையோடு குனிந்து சறுக்கிப் பழகுவார். பக்கத்து வீட்டார் சிரிப்பார்கள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்.

மிச்சமிருந்த கடைசி ஊர் ஹார்ஸ்டெர். அதற்குள் போகும் கால்வாயின் மேல் ஒரு பாலம். பாலத்தின் நிழலில் ஐஸ் எப்போதும் மெலிந்தே இருக்கும் என்பதால், எல்லோரும் அங்கே கரையேறி, விரித்துவைத்த பழைய கம்பளத்தின் மேல் நடந்து தாண்டுவார்கள். ஒன்பது வயது ஹிஸ்கே அப்பாவை முந்தும் ஆசையில் நேராகப் பாலத்துக்கடியில் போனாள்.

கறுப்புத் தண்ணீர். தலைக்கு மேல் ஐஸ். பிறகு தலைமுடியைப் பற்றி இழுத்த ஒரு கை.

அன்று அவளைக் கோட்டுக்குள் சுருட்டிக்கொண்டு அவர் வீடு திரும்பினார். முத்திரை பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அதன்பின் இந்த வருடம்வரை ஏரி முழுதாக உறையவில்லை. அவளும் ஐஸில் கால் வைக்கவில்லை.

"அப்பா, டூவே வேனோட அக்கரையில நிக்கிறாரு. குளிருதா?"

"உன் புருஷன் ஓட்டுற வேன்ல போறதுக்கு இது எவ்வளவோ தேவலை."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பயமும் போகவில்லை. பக்கவாட்டில் ஒரு விரிசல் நீளமாகக் கோடிழுத்துக்கொண்டு ஓட, பல்லைக் கடித்துத் தள்ளினாள். ஹார்ஸ்டெர் மணிக்கூண்டு தெரிந்தது.

"கோபுரம் தெரியுதுப்பா!"

"ம்."

அதன்பின் சத்தமே இல்லை. ஐஸ் பேசுவதை நிறுத்தியிருந்தது.

இப்போது உடையும். அடுத்த எட்டில் உடையும். காலுக்கடியில் உற்றுப் பார்த்துக்கொண்டே தள்ளினாள். உடையவில்லை. கனமான ஐஸ், கல்போல. நிமிர்ந்தாள்.

குல்லாவுக்கு மேல் ஒன்றும் இல்லை. வெறும் நீல வானம்.

"அப்பா?"

முன்னால் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். அவள் போகவில்லை. "பாலம் வந்துடுச்சுப்பா, இதோ வந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டே இன்னும் வேகமாகத் தள்ளினாள்.

பாலத்துக்கு முன்னால் பையன்கள் கூட்டம் ஒன்று கரையேறிக்கொண்டிருந்தது. அந்த நிழலைப் பார்த்ததும் அவள் தள்ளுவதை நிறுத்தினாள்.

"தூக்கணுமாக்கா?" என்றான் ஒருவன். குனிந்து பார்த்துவிட்டு, "பெரியவர் தூங்கிட்டாரா?" என்றான்.

"ஆமா" என்றாள் ஹிஸ்கே. "எழுப்பிடாதீங்க."

நாலு பேர் நாற்காலியைத் தூக்கினார்கள். "மெதுவாடா, எருமை" என்று ஒருவரையொருவர் அடிக்குரலில் திட்டிக்கொண்டு, கம்பளத்தின் மேல் பூனைபோல நடந்து அந்தப் பக்கம் இறக்கினார்கள்.

முத்திரை மேசைக்குப் பின்னால் ஓனே என்கிற கிழவர், பக்கத்தில் சூப் பானை. ஹிஸ்கே போர்வைக்குள் கையை விட்டாள். அவர் விரல்களைத் தொட்டுவிடக் கூடாது என்று பயந்து பயந்து, சட்டைப் பையிலிருந்து அந்தப் பழைய அட்டையை உருவினாள்.

"என்னம்மா இது, தொல்பொருள் இலாகாவுலேர்ந்து எடுத்துட்டு வந்தியா?" ஓனே கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "இது செல்லாது. ஒரே குளிர்காலத்துல முடிக்கணும். அதான் விதி."

"இதுக்கப்புறம் இங்க குளிர்காலம் வந்துச்சா?"

ஓனே நாற்காலியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மை உறைந்திருந்த முத்திரைக் கட்டையை வாயருகே கொண்டுபோய், இரண்டு முறை ஊதிச் சூடேற்றி, அட்டையில் அழுத்தி வைத்தார். அழுத்திய கையை அவர் உடனே எடுக்கவில்லை.

"சூப் குடிக்கிறியாம்மா?" என்றார், தன் குல்லாவைக் கழற்றிக்கொண்டே.

"ரெண்டு" என்றாள் ஹிஸ்கே.

தூரத்தில் டூவே வேனிலிருந்து இறங்கிக் கையாட்டிக்கொண்டு வந்தான். அவள் அப்பாவின் மடியில் முத்திரை அட்டையை வைத்து, அதன் பக்கத்தில் ஒரு கோப்பையை வைத்தாள். காற்றே இல்லை. பட்டாணி சூப்பின் ஆவி நேராக எழுந்து, அவர் மூக்கருகே போய், கொஞ்சமும் கலையாமல் மேலே போய்க்கொண்டிருந்தது.