வேப்பங்குழை கட்டிய வண்டில்

ஐம்பத்தேழாம் ஆண்டு கொழும்பில் கப்பலால் வந்திறங்கிய காய்ச்சல், ஆடி மாதம் உருத்திரபுரத்துக்கும் வந்து சேர்ந்தது. அதைக் கொண்டுவந்தது பஸ்தான் என்று என் மனைவி பத்மாசனி சொன்னாள். நான் மறுக்கவில்லை. மறுப்பதென்றால் பேச வேண்டும். பேசாமல் இருப்பது எனக்குச் சிறுவயதிலிருந்தே இலகுவான காரியம்.

எங்கள் வாய்க்கால் ஓரத்தில் வீட்டுக்கு வீடு இருமினார்கள். பெரிதாக யாரும் பயப்படவில்லை. மூன்று நாள் பாய், கொத்தமல்லிக் குடிநீர், ஐந்தாம் நாள் வயல் என்று அது போய்க்கொண்டிருந்தது. ஆனால் நான் மட்டும் இருமக் கூடாது.

எனக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை விழுந்திருந்தது. முந்திய வருடம் இடக்கண்ணில் வெட்டினார்கள். வெட்டிய இரண்டாம் நாள் எனக்கு இருமல் வந்தது. டொக்டர் வேண்டாமென்று சொல்லியும் நான் விடாத சுருட்டின் இருமல். அந்தக் குலுக்கலில் தையல் விட்டுப்போய் கண்ணும் போயிற்று. மிஞ்சியது வலக்கண். அதில் வெளிச்சம் தெரியும், ஆள் வருவது நிழலாகத் தெரியும். புத்தகத்தைத் திறந்தால் பால் ஊற்றிய தாள் போல இருக்கும். வருடத்தில் ஒருமுறை, முல்லைத்தீவுக் கரைப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்திய சிறிய ஆசுபத்திரிக்குக் கண் டொக்டர் ஒருவர் வந்து நாலு நாள் தங்குவார். இந்த முறை சளித் தடிமனோ இருமலோ உள்ள எவரையும் மேசையில் ஏற்றப்போவதில்லை என்று கடிதம் போட்டிருந்தார்கள். அடுத்த வருடம் அவர் வருவாரா என்பது நிச்சயமில்லை என்றும் அதே கடிதத்தில் இருந்தது. பத்மாசனி அந்தக் கடிதத்தை எனக்கு மூன்று தரம் வாசித்தாள். மூன்றாம் தரம் அவளுடைய குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"பஸ்ஸிலை போனா, பரந்தன் வர முன்னம் அம்பது பேர் உங்கடை மூஞ்சியிலை தும்முவாங்கள்," என்றாள்.

அவளுடைய தம்பி யோகநாதனிடம் மாட்டு வண்டில் இருந்தது. போன கிழமைதான் அவனுக்குக் காய்ச்சல் வந்து மாறியிருந்தது. ஒருமுறை வந்தவனுக்குத் திரும்ப வராது என்று ஊரில் கதை. ஆகவே சாரதிக்குக் குறைவில்லை. அவனுக்கு வேறு சந்தேகம் இருந்தது.

"வண்டிலிலை போனா மட்டும் என்னக்கா? வழியிலை கை காட்டுறவனை ஏத்தாமல் விடுவியோ?"

அது நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்துக் காட்டு வழிகளில் யானை நிற்கும், கரடி நிற்கும். நடந்து போகிறவன் கை காட்டினால் வண்டிலை நிறுத்தி ஏற்ற வேண்டும். இடமில்லை என்று சொன்னவனை ஊர் பத்து வருடத்துக்கு மறக்காது. முப்பது மைல் போவதற்குள் எத்தனை பேர் ஏறுவார்கள், அவர்களில் எத்தனை பேர் இருமுவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். இதற்குப் பஸ்ஸே மேல் என்று பட்டது.

பத்மாசனி சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அது அவளுக்கு அபூர்வம். பிறகு, "அதை நான் பாத்துக்கொள்ளுறன்," என்றாள்.

விடியப்புறம் புறப்பட்டோம். என்னைக் கையில் பிடித்து ஏற்றி, வைக்கோலின் மேல் விரித்த பாயில் இருத்தினாள். தலைக்கு மேலே இலைகள் உரசின. வேம்பு மணத்தது.

"உதென்ன?"

"நுளம்பு கடியாமல் இருக்க," என்றாள்.

பரந்தன் சந்திக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. சனத்தின் இரைச்சல் கேட்டது. பாதி இரைச்சல் இருமல். வண்டில் கிட்டப் போகப் போக அது அடங்கிக்கொண்டே வந்தது. யாரோ ஒருவர், "தம்பி, முரசுமோட்டை மட்டும்..." என்று தொடங்கி, சொல்லை முடிக்காமலே நின்றார். செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. ஒரு பெண் வந்து வண்டிலின் பின்பக்கம் எதையோ மெல்ல வைத்து, "தாயே, என்ரை பிள்ளையளைப் பாத்துக்கொள்," என்றாள். முரசுமோட்டையிலும் இப்படியே நடந்தது. கை காட்டியவர்கள் கும்பிட்டபடி ஒதுங்குவது நிழலாகத் தெரிந்தது.

நான் யோசித்தேன். கூட்டுறவுச் சங்கத்துக்கு மூன்று வருடம் செயலாளராக இருந்தவன் நான். அதற்கு இவ்வளவு மரியாதை இவ்வளவு தூரத்துக்குப் பரவியிருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. மெதுவாக நிமிர்ந்து இருந்து, சத்தம் வந்த பக்கமாகத் திரும்பிக் கும்பிட்டேன்.

யோகநாதனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அக்கா, அத்தானுக்குச் சொல்லிப்போடு. இல்லாட்டி ஆள் அடுத்த எலெக்சனுக்கு நிக்கப்போறார்!"

விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. வண்டிலின் முன்னும் பின்னும் வேப்பங்குழை கட்டி, மஞ்சள் துணியும் முடிந்து விட்டிருந்தாள் பத்மாசனி. அம்மாள் வருத்தம் வந்த வீட்டுப் படலையில் அப்படித்தான் குழை கட்டுவார்கள். உடம்பெல்லாம் கொப்புளம் போடும் அந்த வருத்தத்தை நோய் என்று யாரும் சொல்வதில்லை. அம்மாள் வந்திருக்கிறா என்றுதான் சொல்வார்கள். குழையைக் கண்டால் உறவினரும் உள்ளே கால் வைக்கமாட்டார்கள். கோபமும் கொள்ளமாட்டார்கள். வண்டிலில் ஏற்றாததற்கு வன்னியில் யாரும் குறை சொல்ல முடியாத காரணம் அது ஒன்றுதான்.

"பொய்தானே இது?" என்று கேட்டேன்.

"நான் ஆருக்கும் ஒண்டும் சொல்லேல்லை. குழை கட்டினன், அவ்வளவுதான். இந்தாங்கோ, இளநி குடியுங்கோ."

பின்பக்கம் வைக்கப்பட்டவை எல்லாம் செவ்விளநீர். ஏழு இருந்தன. அம்மாளுக்கு வைத்ததைக் குடிக்கலாமா என்று நான் தயங்கினேன். குடிக்காமல் விடுவதுதான் மரியாதைக் குறைவு என்று அக்காவும் தம்பியும் சேர்ந்து முடிவு செய்தார்கள். நல்ல இனிப்பு.

அன்று பின்னேரம் ஒரு குளக்கட்டில் தங்கினோம். எங்களுக்குக் கிட்ட யாரும் வரவில்லை. மறுநாள் காலையில் பத்மாசனி வண்டிலில் ஏறவில்லை. எருதுகளுக்குப் பாரம் என்று சொல்லிப் பின்னால் நடந்து வந்தாள். முதல்நாள் வராத பாரம் இன்றைக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவளும் அதிகம் பேசவில்லை. தூரத்தில் கடல் மணந்தது.

ஆசுபத்திரிப் படலையில் காவற்காரர் இராயப்பு எங்களை மறித்தார்.

"அங்கினை நில்லுங்கோ! கிட்ட வராதேங்கோ! அம்மாள் வருத்தமெண்டால் இஞ்சை ஏத்தேலாது. கடற்கரையிலை கொட்டில் போட்டுக் கிடக்கு, அங்கை கொண்டுபோங்கோ."

"அங்கை ஆர் இருக்கினம்?" என்றான் யோகநாதன்.

"அம்மாள் வருத்தக்காரர் ஒருத்தருமில்லை. காய்ச்சல்காரர் முப்பது பேர். ராப்பகலா இருமிக்கொண்டு கிடக்குதுகள்."

எந்த இருமலுக்குத் தப்பி முப்பது மைல் வந்தோமோ, அதன் நடுவிலேயே என்னைக் கொண்டுபோய் இருத்தப் பார்த்தார் அந்த மனிதர். பத்மாசனி இப்போது வாயைத் திறப்பாள், அம்மாளும் இல்லை ஒன்றும் இல்லை என்பாள், படலை திறக்கும் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை.

"ஏன் பேசாமல் நிக்கிறீர்?" என்று அவளைக் கேட்டேன்.

"சொல்லேலாது," என்றாள். குரல் கம்மியிருந்தது. "நேற்றுத் தொடக்கம் அம்மாளைக் காவலுக்கு வைச்சுக்கொண்டு வந்தனாங்கள். அவாவுக்கு வைச்ச இளநியையும் குடிச்சாச்சு. இப்ப வாசலிலை வந்து நிண்டுகொண்டு, அவா வரேல்லை எண்டு சொல்லுறதோ? தண்ணி வார்த்து மரியாதையா அனுப்பிப்போட்டுத்தான் குழையிலை கை வைப்பன்."

தண்ணீர் வார்ப்பதென்றால் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட குளிர்ந்த தண்ணீரை நோயாளியின் தலையில் ஊற்றுவது. இறங்கி வந்த அம்மாள் அத்துடன் மனம் குளிர்ந்து போவா.

"நல்ல யோசினை," என்றான் யோகநாதன். "அத்தான்ரை தலையிலை மூண்டு வாளி வார்த்தா அத்தான் தும்முவார். தும்மினா டொக்டர் தொடமாட்டார். பேந்து அம்மாளும் போயிடுவா, கண்ணும் போயிடும்."

"அப்ப என்னடா செய்யச் சொல்லுறாய்?"

"கட்டினவள் நீ. என்னைக் கேக்கிறாய்."

"டொக்டர் பன்ரண்டு மணியோடை பேர் எழுதுறதை நிப்பாட்டிப்போடுவார்," என்று இராயப்பு தள்ளி நின்றே சொன்னார். "இப்பவே பதினொண்டரை."

நான் வைக்கோலில் இருந்து யோசித்தேன். அவளைச் சிரித்து மடக்கலாம், அதட்டலாம். இரண்டும் சரியில்லை. அவள் சொன்னதில் ஒரு முறை இருந்தது. முறையோடு கட்டியதை முறையோடுதான் அவிழ்க்க வேண்டும். கடைசியில் கேட்டேன்.

"பத்மாசனி, குழையை என்ரை தலையிலையோ கட்டினனீர்?"

"இல்லை. வண்டிலிலை."

"அப்ப அம்மாள் வந்தது வண்டிலுக்கு. வண்டிலுக்குத் தண்ணி வாரும்."

இராயப்புதான் முதலில் சிரித்தார்.

"ஐயா சொல்லுறது நியாயம்தான். எங்கடை சுவாமியார் வள்ளத்துக்குத் தீர்த்தம் தெளிக்கிறவர்தானே. வண்டிலுக்கு வார்த்தால் என்ன?"

மஞ்சள் அவர்தான் கொண்டுவந்தார், ஆசுபத்திரிக் குசினியிலிருந்து. என்னை மர நிழலில் இறக்கி விட்டார்கள். யோகநாதன் கிணற்றில் அள்ள அள்ள, பத்மாசனி வண்டிலுக்கு வார்த்தாள். கூடாரத்துக்கு, சில்லுக்கு, நுகத்துக்கு. எருதுகள் இரண்டும் அம்மாளுடைய வாகனமாக இருந்தபடியால் அவற்றுக்கும் வார்க்க வேண்டியதாயிற்று. இடத்து எருது உடம்பை உதறி இராயப்புவின் சட்டையை மஞ்சளாக்கியது.

"இதென்ன கூத்து?" என்று ஒரு பெண்குரல் கேட்டது. சிஸ்டர் மார்கிறட். அவர் என் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகையும் கையையும் பார்த்தார். ஒரு கொப்புளமும் இல்லை. "பேந்து ஏன் குழை?"

"இருமிறவை ஏறாமல் இருக்க," என்றேன்.

அவர் சிரிப்பை அடக்கினார் என்று மூச்சில் தெரிந்தது. "சரி, உள்ளை வாங்கோ. அம்மா, நீங்களும் வாங்கோ."

"நான் வரேல்லை சிஸ்டர்," என்றாள் பத்மாசனி. அவளுடைய குரல் தூரத்தில், மதிலுக்கு அப்பால் இருந்து வந்தது. "விடியத் தொடக்கம் எனக்குத் தொண்டை அரிக்குது."

சொல்லி முடித்துவிட்டு இருமினாள். அதுவரை எப்படி அடக்கி வைத்திருந்தாளோ தெரியாது. எருதுகளுக்குப் பாரம் என்று அவள் பின்னால் நடந்து வந்த ஆறு மைல் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

டொக்டர் என் பெயரைக் கடைசியாக எழுதினார். மனைவிக்குக் காய்ச்சல் என்றதும், என்னைத் தனி அறையில் இரண்டு நாள் வைத்துப் பார்ப்பது என்றும், தும்மாவிட்டால் அவர் புறப்படும் நாள் காலையில் வெட்டுவது என்றும் சொன்னார். பத்மாசனிக்கு வண்டிலே ஆசுபத்திரி வாட்டானது. மதிலுக்கு வெளியே பூவரசின் கீழ் அதை விட்டு, யோகநாதன் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தான். "காய்ச்சல்தான், பயப்பட ஒண்டுமில்லை," என்று சிஸ்டர் இரண்டு நேரமும் வந்து சொன்னார்.

அந்த இரண்டு நாளும் நான் கேட்டது அலையை மட்டும்தான். கலியாணம் முடித்து இருபத்தாறு வருடத்தில், இவள் கொஞ்சம் பேசாமல் இருந்தால் என்ன என்று நான் நினைக்காத நாள் இல்லை. இப்போது பேசாமல் இருந்தாள். சன்னல் பக்கம் தலையை வைத்துப் படுத்து, ஓர் இருமலாவது கேட்காதா என்று காத்திருந்தேன்.

நான் தும்மவில்லை. மூன்றாம் நாள் வெட்டினார்கள். இரண்டு கண்ணையும் கட்டி, தலை அசையாமல் இரு பக்கமும் மணல்பை வைத்தார்கள். இருமக் கூடாது, தும்மக் கூடாது, சிரிக்கக் கூடாது என்று சிஸ்டர் விதி சொன்னார். முதல் இரண்டுக்கும் பயந்தேன். மூன்றாவதை நான் பெரிதாக எடுக்கவில்லை. சிரித்துப் பேர் எடுத்தவன் அல்ல நான்.

அடுத்த நாள் மதிலுக்கு அப்பால் அந்தக் குரல் கேட்டது. கரகரத்திருந்தது, ஆனால் அவளுடையதுதான். நோயாளிகளைப் பார்க்க வந்த பெண்களுக்கு வண்டில் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏழு இளநீர் இருபத்தொன்றாகியிருந்தது. பரந்தன் சந்தியில் நான் எழுந்து நின்று பிரசங்கமே செய்திருந்தேன். இராயப்பு நடுவில் புகுந்து, எருது உதறியதைச் செய்து காட்டினார் போலும். பெண்கள் கூச்சலிட்டார்கள்.

என் வயிறு குலுங்கத் தொடங்கியது. ஒரு மணல்பை சரிந்தது. சிஸ்டர் ஓடிவந்து தலை அசையாமல் என் நாடியைப் பிடித்தார்.

"செத்தவையை நினையுங்கோ! கெதியா!"

என் மாமனாரை நினைத்தேன். அவர் உயிரோடிருந்தபோது இந்தப் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, "இனி உன்ரை காது பாடு," என்று சொன்னது ஞாபகம் வந்தது. அது உதவவில்லை. பல்லைக் கடித்துப் பத்துவரை எண்ணினேன், பிறகு நூறுவரை.

சிஸ்டர் சன்னலில் தலையை நீட்டினார். "அம்மா, உங்கடை மனிசன் சிரிச்சா கண் போயிடும். துக்கமான கதை ஏதும் இருந்தாச் சொல்லுங்கோ!"

மதிலுக்கு அப்பாலிருந்து பதில் வந்தது.

"துக்கமான கதையோ? அப்ப எங்கடை கலியாணத்தைச் சொல்லட்டோ?"

நான் போர்வையைக் கடித்தேன்.

எட்டாம் நாள் கட்டை அவிழ்த்தார்கள். முதலில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது, சிஸ்டரின் உடுப்பு. அதற்கு முன்னால் விரல்கள்.

"எத்தினை?"

"மூண்டு."

சிஸ்டர் மூச்சு விட்டது கேட்டது. கண்ணாடி வந்த பிறகுதான் எல்லாம் சீராகத் தெரியும் என்றார். நான் சன்னலைப் பார்த்தேன். பச்சை, அதன் கீழே மதிலின் கோடு, கோட்டுக்கு மேலே ஒரு மஞ்சள் சீலை. முகம் பிடிபடவில்லை. இரண்டு கையும் காற்றில் எதையோ பிசைந்தபடி இருந்தன. யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள்.

"இனிச் சிரிக்கலாமோ சிஸ்டர்?"

"இன்னும் ரெண்டு கிழமைக்கு ஏலாது. அவா தொடங்கப்போறா போலை கிடக்கு. சன்னலைச் சாத்தட்டோ?"

"வேண்டாம், திறந்தபடி கிடக்கட்டும்," என்றேன். "நான் சமாளிக்கிறன்."