கை தூக்கியவர்கள்

எங்கள் ஹேமர் பட்டறைக்கும் மூடிக் கிடக்கிற நூல் ஆலைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்த ஆலை நிலத்தில் விளையாட்டு அரங்கம் கட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது அத்தான் சிரித்தார்.

"கட்டட்டுமே மச்சான். நாம தட்டுற தட்டுக்கு அவங்க பந்து தானா எகிறும்."

அத்தான் என் அக்காவின் கணவர். பட்டறை அவருடையது. நான் அங்கே அலுவலகம். அலுவலகம் என்றால் ஒரு மேசை, ஒரு தொலைபேசி. உள்ளே காது சரியாகக் கேட்கிற ஆள் நான் ஒருவன்தான் என்பதால் தொலைபேசி என் பொறுப்பில் வந்தது. மற்றவர்களின் காதை ஹேமர் எப்போதோ வாங்கிக்கொண்டது. கூரை உயரத்திலிருந்து விழுந்து, பழுத்த இரும்பை லாரி அச்சாக அடிக்கிற சுத்தியல் அது.

சிரிப்பு நகரமைப்பு அலுவலகத்தோடு முடிந்தது. எங்கள் தெரு முழுவதும் தொழில் மண்டலம். அரங்கம் வரவேண்டுமானால் ஆலை நிலத்தைப் பொதுப் பயன்பாட்டு மண்டலமாக மாற்ற வேண்டும். மாற்றிவிட்டால், மக்கள் கூடுகிற இடத்தை ஒட்டி ஹேமர் ஓடக்கூடாது.

"உங்க பட்டறைய நாங்க இடிக்க மாட்டோம் சார்," என்றார் அதிகாரி. "லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டோம். அவ்வளவுதான்."

கழுத்தில் கை வைக்கமாட்டோம், மூச்சை மட்டும் நிறுத்துவோம் என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. ஹேமரை வேறிடத்துக்குக் கொண்டுபோகலாமே என்று கேட்டவர்களுக்கு ஒரு விளக்கம்: ஹேமரைவிட அதன் அஸ்திவாரம் பெரிது. அது பூமிக்குள் இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு யாரும் குடிபோக முடியாது. அத்தானின் வயதில் புதிதாக ஒன்று தோண்டவும் முடியாது.

வீட்டில் இன்னொரு சிக்கல் இருந்தது. அத்தானின் ஒரே மகள் பளு தூக்குகிறவள். வீட்டு நிலைப்படியை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆகிருதி. இருந்தாலும் எல்லாருக்கும் அவள் பாப்பாதான். மழை பெய்தால் ஒழுகுகிற ஒரு கிடங்கில் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். புது அரங்கத்தில் பளு தூக்குவதற்கென்று தனிக் கூடம் வரும் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் அவளிடம் பேசிப் பார்த்தேன்.

"அப்பா பட்டறை போயிடும் பாப்பா."

"போகட்டும் மாமா. அவர் காதைத் தின்னது போதாதா அதுக்கு? சின்ன வயசுல இருந்து நான் கத்திக் கத்தித்தான் பேசறேன். ஸ்கூல்ல என்னை ஸ்பீக்கர்னு கூப்பிட்டாங்க, தெரியுமா?"

"அது தின்ன காதுதான் உனக்குச் சோறு போட்டுச்சு."

"சோத்தைச் சொல்லிக் காட்டாம உங்களுக்குப் பேசவே வராதா?"



கருத்துக் கேட்புக் கூட்டம் நகராட்சி மண்டபத்தில் நடந்தது. வலப்பக்கம் விளையாட்டு உடையில் பிள்ளைகள், அவர்களின் பெற்றோர், பயிற்சியாளர், நடுவில் பாப்பா. இடப்பக்கம் எங்கள் பட்டறை ஆட்கள், அக்கம்பக்கத்துச் சிறு தொழிற்சாலைக்காரர்கள். மைக் ஊளையிட்டது. எங்கள் ஆட்களுக்கு ஒன்றும் கேட்காது என்று தெரிந்து, முன்பே சொல்லி வைத்திருந்தேன்: "எதிர்க்கிறவங்க கை தூக்குங்கன்னு கேக்கும்போது நான் எந்திரிப்பேன். என்னைப் பார்த்து நீங்களும் எந்திரிங்க." உலைக்காரர் மட்டும், "கல்யாணத்துல பந்திக்கு எந்திரிக்கிற மாதிரி முந்திக்கக் கூடாது, அதானே?" என்றார். சரியாகத்தான் புரிந்துகொண்டிருந்தார்.

அதிகாரி திரையில் வரைபடத்தைப் போட்டார். நீச்சல்குளம் நீலமாக இருந்தது. ஓடுதளம் சிவப்பு. சுவருக்கு இந்தப் பக்கம், எங்கள் பட்டறை இருக்க வேண்டிய இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம். அதற்குள் 'வாகன நிறுத்தம்' என்று எழுதியிருந்தது.

லைசென்ஸைப் புதுப்பிக்கமாட்டோம் என்றவர்கள், அதற்குள் அந்த இடத்தில் கார்களை நிறுத்திவிட்டார்கள்.

அதே நேரத்தில் அதிகாரி மைக்கில், "மண்டல மாற்றத்தை ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்," என்றார்.

அத்தானுக்கு அது கேட்கவில்லை. அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விருட்டென்று எழுந்து, உள்ளங்கை விரித்து, கையைத் தலைக்குமேல் உயர்த்தினார்.

ஹேமர் பட்டறையில் பேச்சுக்கு வேலை இல்லை, எல்லாம் கைதான். தலைக்குமேல் விரித்த கை என்றால் நிறுத்து என்று பொருள். யாராவது ஒருவர் கை உயர்த்தினால், பார்த்தவர்கள் அத்தனை பேரும் உடனே உயர்த்தியாக வேண்டும். அப்போதுதான் காலால் மிதித்து ஹேமரை இயக்குகிறவன் கண்ணில் எப்படியும் ஒரு கை படும், காலை எடுப்பான். யோசித்துக்கொண்டு நின்றால் யாருடைய விரலோ போய்விடும். ஆகவே எங்கள் ஆட்கள் யோசிக்கவில்லை. அத்தனை பேரும் எழுந்தார்கள். அத்தனை கைகளும் உயர்ந்தன.

குமாஸ்தா எண்ணத் தொடங்கினார்.

"பட்டறைக்காரங்களே நம்ம பக்கம்!" என்று யாரோ கத்தினார்கள். வலப்பக்கம் கைதட்டல் கிளம்பியது. கை தட்டுவதைப் பார்த்த எங்கள் ஆட்கள், நம் எதிர்ப்பை இத்தனை பேர் பாராட்டுகிறார்களே என்று கையை இன்னும் உயர்த்தினார்கள்.

நான் மேடைக்கு ஓடினேன். "ஐயா, அது ஆதரவு இல்ல. நிறுத்துன்னு அர்த்தம். எங்க பட்டறைப் பழக்கம் அது."

"கை தூக்கச் சொன்னேன், தூக்கினாங்க. இப்ப வந்து அகராதி சொல்றீங்களே சார்."

"அவங்களுக்குக் காது கேக்காதுங்க."

"ஒரு கம்பெனி முழுக்கவா?"

மண்டபம் சிரித்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. "அதோ, அந்தப் பொண்ணைக் கேளுங்க. பட்டறைக்காரர் மகள்தான். உங்க கட்சிதான். அவ பொய் சொல்லமாட்டா."

மைக் பாப்பாவிடம் போனது. அதிகாரி கேட்டார்: "ஏம்மா, உங்கப்பா பட்டறையில கை தூக்கினா நிறுத்துன்னு அர்த்தமா?"

நடை பழகிய நாளிலிருந்தே அவளுக்கு அந்தக் கை தெரியும். உலைப் பக்கம் தத்தித் தத்திப் போனவளை அத்தான் அந்தக் கையைக் காட்டித்தான் நிறுத்துவார். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் இன்னும் கையை இறக்கவில்லை.

"எனக்குத் தெரியாதுங்க," என்றாள்.

பயிற்சியாளர் அவள் தோளைத் தட்டினார். எதிர்ப்பவர்கள் என்று கேட்டபோது நான் எழுந்தேன். ஏற்கெனவே எண்ணியாயிற்று, ஒரே ஆளை ரெண்டு பக்கமும் எண்ண முடியாது என்று எங்கள் ஆட்களை உட்காரச் சொல்லிவிட்டார் குமாஸ்தா. மண்டல மாற்றம் பெரும்பான்மையில் நிறைவேறியது.

வெளியே வாசற்படியில் அத்தானுக்கு வாயசைத்து மெல்ல விளக்கினேன். புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும், தன் கையையே ஒரு முறை பார்த்தார். வேறொருவருடைய கையைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"பாப்பா என்ன சொல்லிச்சு? மைக் வாயை மறைச்சிடுச்சு. ஒண்ணும் தெரியல."

உண்மை என் நாக்கு நுனிவரை வந்தது.

"நமக்காகத்தான் பேசினா அத்தான். நிறுத்துன்னுதான் அர்த்தம்னு அடிச்சுச் சொன்னா. அவங்கதான் கேக்கல."

பட்டறை போன அன்று அந்த மனுஷன் முகம் அப்படி மலரும் என்று நான் நினைக்கவில்லை. படியிறங்கி வந்துகொண்டிருந்த மகளை எதிர்கொண்டு போய், கன்னத்தைப் பிடித்தார். "பாப்பா! எல்லார் முன்னாடியும் அப்பாவுக்காகப் பேசினியாமே. மாமா சொன்னான். உன் கட்சிக்காரன் கோவிச்சுக்குவானேன்னுகூட நீ பார்க்கலையே!"

அவள் என்னைப் பார்த்தாள். அவர் ஆட்களைக் கூப்பிடத் திரும்பியதும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "ஏன் மாமா இப்படிச் சொன்னீங்க? உள்ளதைச் சொல்லியிருந்தா நாலு திட்டு திட்டியிருப்பாரு. அதோட முடிஞ்சிருக்கும்."

"முடியக்கூடாதுன்னுதான் சொல்லல," என்றேன்.

அத்தான் ஆட்களை வட்டமாக நிறுத்திக்கொண்டு, காது கேளாதவர்களுக்கே உரிய குரலில், மகள் பேசியதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சொல்லாததையும் சேர்த்தே சொன்னார். உலைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வொருவராக வந்து அவள் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்கள். எவ்வளவு பாரம் வைத்தாலும் நிமிர்ந்து நிற்கிறவள், தலையை நிமிர்த்தவே இல்லை.